உங்கள் கூலி எங்கே?

வீட்டிலிருந்தே தையல், ஆரி வேலை, மசாலாப் பொடி, டியூஷன் என்று சம்பாதிப்பவர்களிடம் "மாசம் எவ்வளவு கிடைக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். "வருது, ஆனா கையில நிக்க மாட்டேங்குது" என்பார்கள். பல வீடுகளில் இதற்குக் காரணம் வீண்செலவு அல்ல, நாம் வைக்கும் விலைதான். பொருளுக்குக் கணக்கு போடுகிறோம். நம் நேரத்துக்குப் போடுவதில்லை.

ஒரு பிளவுஸ் கணக்கு

ஒரு லைனிங் பிளவுஸுக்கு 350 ரூபாய் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லைனிங் துணி 70, நூல், ஹூக் 20, கரன்ட், மெஷின் சர்வீஸ் 20. ஆக, செலவு 110. மீதி 240 ரூபாய் லாபம் போலத் தெரியும். ஆனால் அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது, ஹெம்மிங், கடைசியில் பிடித்துக் கொடுப்பது எல்லாம் சேர்த்து 4 மணி நேரம் ஆனால், உங்கள் கூலி மணிக்கு 60 ரூபாய்தான். மணிக்கு 100 வேண்டுமென்றால் விலை 510 ஆக இருக்க வேண்டும்.

ஒரே நாளில் ஏற்ற முடியாதுதான். புது வாடிக்கையாளரிடம் புது விலையில் தொடங்குங்கள். பழையவர்களிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். "நமக்குள்ள என்ன கணக்கு?" என்பவர்களுக்குப் பண்டிகைக்கு ஒருமுறை தள்ளுபடி கொடுக்கலாம். வருடம் முழுக்க வேண்டாம்.

தனிக் கணக்கு

தொழிலுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கும் அதற்கொரு க்யூஆர் கோடும் இருக்கட்டும். வரும் பணமெல்லாம் அதில் விழட்டும். மாதம் ஒரு தேதியில் உங்களுக்குச் 'சம்பளம்' என்று வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். பால் பாக்கிக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் அவ்வப்போது அதிலிருந்து எடுத்தால், தொழில் ஓடுகிறதா, தேய்கிறதா என்பதே தெரியாமல் போகும்.

பெரிய ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்பணம். இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். வாய்ப்பேச்சோடு விடாமல் அளவு, விலை, கொடுக்க வேண்டிய தேதி மூன்றையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு வையுங்கள்.

கடைக்காரர் இழுத்தடித்தால்?

கடைகளுக்கு மொத்தமாகச் செய்து கொடுப்பவர்களின் பெரிய தலைவலி, "அடுத்த வாரம் வாங்க" என்பதுதான். மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு உங்கள் தொழிலைக் குறுந்தொழிலாகப் பதிவு செய்யலாம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் தளமோ ஏஜென்ட்டோ குறுக்கிட்டால் விலகிவிடுங்கள்.

பதிவு செய்த குறு, சிறு தொழில்களுக்கு 2006-ம் ஆண்டுச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாட்களுக்கு மேல் பணத்தைத் தள்ளிப்போட முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள்தான். மீறினால் வட்டியோடு கேட்கலாம், புகாரும் கொடுக்கலாம். பிரச்னை வந்தபிறகு பதிவுக்கு ஓடாமல், முன்கூட்டியே செய்து வைப்பது நல்லது. பில்லும், சரக்கு வாங்கியதற்கான கையெழுத்தும் பத்திரம்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். நீங்கள் அதிகம் விற்கும் ஒரே ஒரு பொருளுக்கு, எத்தனை நிமிடம் ஆகிறது என்று செல்போனில் நேரம் பார்த்து எழுதுங்கள். விலையை மாற்றுவதா வேண்டாமா என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.