வீரனுக்கும் ஒரு சாதகம்

சதுரங்கத்திலே காய்கள் ஆறு வகை. குதிரை எவ்வாறு பாயும், தேர் எவ்வாறு செல்லும் என்பதை ஒருமுறை கற்றவர் பின்னர் ஏடு பார்த்து ஆடுவதில்லை. மேசைமீது சிறு பொம்மை வீரர்களை அணிவகுத்து ஆடும் போர் விளையாட்டோ அத்தகையதன்று. அங்கே படைப்பிரிவுகள் பல நூறு. ஒன்றன் இயல்பு மற்றொன்றுக்கு இராது. ஆகவே ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அட்டை அச்சிட்டு வைத்திருக்கின்றனர். அதனை வாசிக்கும் முறை யாதென்பதே இவ்வாரம் நாம் நோக்கும் பொருள்.

முன்னாளில் அட்டைக்குத் தேவை இருக்கவில்லை. பிரசிய இராணுவ அதிகாரியான றைஸ்விற்ஸ் என்பார் 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டிலே கணக்கெல்லாம் நடுவரின் பொறுப்பு. ஆடுவோர் தம் கட்டளையை எழுதிக் கொடுப்பர். நடுவர் பகடை உருட்டி, அட்டவணை பார்த்து, மாண்டோர் இத்தனை பேர் என்று அறிவிப்பார். சிறுவர் பொம்மைகளைக்கொண்டு போர் ஆடும் முறைபற்றி 1913இல் நூலெழுதிய ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், சுடுவதற்குப் பகடையை நாடவேயில்லை. விளையாட்டுப் பீரங்கியால் மரக்குண்டைச் செலுத்துவார். பொம்மை சாய்ந்தால் ஆள் மாண்டான் என்பது கணக்கு. இந்நாளைய விளையாட்டில் பெரும்பாலும் நடுவரும் இல்லை, மரக்குண்டும் இல்லை. இருவரும் ஒப்புக்கொள்ளும் சாட்சியாக அட்டையே நடுவில் இருக்கின்றது.

சாட்சியை வாசிக்கத் தெரியாவிடின் என்ன நிகழும்? எம் மாணவன் ஒருவனும் அவன் தம்பியும் இதன் பொருட்டு இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசாதிருந்தனர். வெளிநாட்டிலுள்ள மாமன் அனுப்பிய ‘வார்ஹமர் 40,000’ என்னும் விளையாட்டு அது. 1987இல் இங்கிலாந்தில் தோன்றியது. தமையன் கையில் ‘இன்ரசெஸர்’ எனும் கவசவீரர் ஐவர். தம்பி கையில் ‘ஓர்க்’ எனும் முரட்டுப் பூதங்கள் பத்து. காப்பு என்ற கட்டத்தில் தமையன் அட்டை 3+ என்றது. தம்பி அட்டை 5+ என்றது. ஐந்து மூன்றிலும் பெரிதன்றோ என்பது தம்பியின் வாதம்.

வாதம் பிழை. கூட்டற்குறியோடு வரும் எண் பகடையில் விழவேண்டிய ஆகக் குறைந்த தொகை. 3+ எனில் மூன்று முதல் ஆறு வரை எது விழினும் உயிர் தப்பும். 5+ எனில் ஐந்தும் ஆறும் மாத்திரமே தப்புவிக்கும். எனவே இங்கே சிறிய எண்ணே சிறந்தது. குறியில்லாது நிற்கும் எண்கள் இதற்கு மாறானவை. நகரும் தூரம், உடலுறுதி, உயிர்ப்புள்ளி, இடம் பிடிக்கும் ஆற்றல் ஆகியவற்றிலே பெரிய எண் மேலானது. மனத்திண்மை மட்டும் இரு பகடைகளின் கூட்டுத்தொகையால் அளக்கப்படும். கவசவீரருக்கு 6+, ஓர்க்குகளுக்கு 7+. முப்பத்தாறு வகையாக விழக்கூடிய பகடைகளில் முன்னவர்க்கு 26 வகை சாதகம், பின்னவர்க்கு 21.

தமையன் பக்கத்தில் வேறொரு மயக்கம் இருந்தது. தன் துப்பாக்கிகளின் முன் ஓர்க்குகள் வைக்கோலாய்ச் சரிவர் என்று எண்ணினான். இருவர் மாத்திரமே வீழ்ந்தபோது தம்பி கள்ளப் பகடை வைத்திருப்பதாகக் குற்றஞ்சாட்டினான். கணக்கிட்டுப் பார்ப்போம். 2023இல் வெளிவந்த பத்தாம் பதிப்பின் அட்டைப்படி, ஒருவனுக்கு இரு குண்டு வீதம் ஐவருக்கும் பத்துக் குண்டுகள். சிறப்பாற்றல்களை ஒதுக்கிவைத்து, அவர்கள் நகர்ந்து வந்து சுடுவதாகவும் எதிரி திறந்த வெளியில் நிற்பதாகவும் கொள்க. குறித் திறன் 3+. பத்தில் ஏறத்தாழ ஆறேழு படும். துப்பாக்கியின் வலிமை 4, ஓர்க்கின் உறுதி 5. வலிமை உறுதிக்குச் சமமாயின் காயப்படுத்த 4+ வேண்டும். மிகுந்தால் 3+, இரு மடங்காயின் 2+. குறைந்தால் 5+, பாதியாயின் 6+. இந்த விதி இரண்டு அட்டைகளில் எதிலும் அச்சிடப்படவில்லை என்பதைக் கவனிக்க. இங்கே 5+ வேண்டியிருப்பதால் காயம் இரண்டு அல்லது மூன்று. துளைக்கும் ஆற்றல் ஒன்று கழிக்க, ஓர்க்கின் 5+ காப்பு 6+ ஆகிவிடும். முடிவிலே சராசரி 1.85. இருவர் வீழ்ந்தது கள்ளமன்று, கணக்கு!

அதே பத்துக் குண்டுகளை அதே கவசவீரர்மீது செலுத்தினால், காயப்படுத்த 4+, காப்பும் 4+, சராசரி 1.67 காயம். ஒருவனுக்கு உயிர்ப்புள்ளி இரண்டாதலால் ஒருவன் வீழ்ந்தாலே பெரிது. சோதிடர் ஒற்றைச் சாதகத்தைக்கொண்டு பொருத்தம் சொல்வாரா? அவ்வாறே, 4 என்ற வலிமை நல்லதா தீயதா என்று அந்த அட்டையை மட்டும் உற்றுநோக்கிப் பயனில்லை. எதிரியின் அட்டையையும் அருகில் வைத்தாக வேண்டும். கேட்கும்போது தன் அட்டையை எதிரிக்குக் காட்டுதல் இதனாலேயே நல்ல ஆட்டக்காரரின் ஒழுக்கமாயிற்று.

எண்களை நோக்கும் கண் சொற்களைத் தவறவிடுதலும் உண்டு. துப்பாக்கியின் பெயர்க்கருகே சிறிய எழுத்தில் ‘ஹெவி’ என்றிருக்கும். நகராது நின்று சுட்டால் குறி பார்ப்பதில் ஒன்று கூட்டலாம் என்பது அதன் பொருள். மேற்காட்டிய 1.85 அப்போது 2.31 ஆகும்.

அட்டையில் தேடினும் கிடைக்காதது ஒன்றுண்டு: அப்பிரிவின் விலைமதிப்பு. இரு படைகளும் சமமாக அமைய ஒவ்வொரு பிரிவுக்கும் புள்ளி விதித்துள்ளனர்; பத்தாம் பதிப்பிலே அதனை அட்டையில் பொறிக்காது தனிப் பட்டியலாக வெளியிட்டு, வேண்டியபோதெல்லாம் மாற்றினர். அட்டைகளும் நிலையானவையல்ல. 2017, 2020, 2023 என மூன்றாண்டுக்கொரு பதிப்பு வந்தது. பணங்கொடுத்து வாங்கிய பெற்றோருக்கு இது உவப்பாயிராது, எமக்கும் உவப்பில்லை. ஆயினும் ஆட்டம் தொடங்குமுன் அட்டைகள் ஒரே பதிப்பினவா, பட்டியலின் திகதி யாது என்று இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ள இரண்டு நிமிடம் போதும்.