உபகாரமா, சம்பளமா?

படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சர்க்காரோ கல்லூரியோ கொடுக்கும் பணத்துக்கு நம் பெரியவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: உபகாரச் சம்பளம். இன்று கல்வி உதவித்தொகை என்கிறோம். பழைய பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உபகாரம் என்றால் கொடுக்கிறவரின் தயவு. சம்பளம் என்றால் உழைத்தவனின் பாத்தியதை. இரண்டும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன? படிப்புக்காகக் கொடுக்கும் பணத்தில் இந்தக் கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. விளையாட்டுக்காகக் கொடுக்கும் பணத்தில் எழுகிறது. அமெரிக்காவில் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோர்ட்டுப் படிகளில் ஏறி இறங்கியும் இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

அமெரிக்கப் பையன்கள் பந்தாடுவதைப் பற்றி ஸ்பின்னிங்கில் நிற்கிறவருக்கும் நாற்று நடுகிறவருக்கும் என்ன கவலை என்று தோழர்கள் கேட்கலாம். ஒருவனிடம் வேலையை வாங்கிக் கொண்டு, அவன் வேலைக்காரனே அல்ல என்று சாதிக்கிற வித்தை எந்த நாட்டில் நடந்தாலும் அது நமக்குச் சம்பந்தப்பட்ட விஷயந்தான். அந்த வித்தையை நாமும் பார்த்தவர்கள். பஞ்சாலைகளில் மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டு, கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாக ஆசை காட்டி, விடுதியில் அடைத்து வேலை வாங்கிய பெண்பிள்ளைகளைப் பதிவேட்டில் என்னவென்று எழுதினார்கள்? பயிற்சியாளர்! அங்கன்வாடி ஊழியருக்கு 'கௌரவ ஊழியர்' என்று பெயர். அவர் வாங்குவது 'மதிப்பூதியம்'. அவர்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று சொல்ல 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே வர வேண்டியிருந்தது. கௌரவத்தை எந்தக் கடையிலும் கொடுத்து அரிசி வாங்க முடியாது.

இனி அமெரிக்க விவகாரத்துக்கு வருவோம். அங்கே கால்பந்து என்று சொல்வது நம் ஊர்க் கால்பந்தல்ல. தலைக்கவசமும் தோள்கட்டும் மாட்டிக் கொண்டு ஒருவரை ஒருவர் முட்டி மோதிக் கீழே தள்ளுகிற முரட்டு ஆட்டம். கல்லூரிகளுக்கிடையே நடக்கும் இந்த ஆட்டத்தைப் பார்க்கக் கூடுகிற கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல; மிச்சிகன் சர்வகலாசாலையின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். நன்றாக ஆடுகிற பையனைத் தேடிப் பிடித்து, படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம் என்று சொல்லிக் கல்லூரியில் சேர்க்கிறார்கள். பையன் ஏழையா, பணக்காரனா, படிப்பில் எப்படி என்பதையெல்லாம் பார்க்காமல் ஆட்டத் திறமைக்காக மட்டுமே உபகாரச் சம்பளம் கொடுக்கலாம் என்று 1956ல் விதி செய்தது என்.சி.ஏ.ஏ. என்கிற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். பெயரில் சங்கம் இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம். இது ஆடுகிறவர்களின் சங்கமல்ல, ஆட்டுவிக்கிறவர்களின் சங்கம்.

அடிபட்டால் யார் பொறுப்பு?

நஷ்ட ஈடு கேட்டு வரும் தொழிலாளியிடம் கேட்கப்படுகிற முதல் கேள்வி, 'நீ எங்கள் ஆள்தானா?' என்பது. கை போன பிறகு ஆலையின் பதிவேட்டில் தன் பெயரைத் தேடிய எத்தனையோ பேரை நமக்குத் தெரியும். அதே கேள்விதான் அங்கேயும் முதலில் வந்தது.

டென்வர் சர்வகலாசாலையில் பயிற்சி ஆட்டத்தின்போது எர்னஸ்ட் நெமத் என்ற மாணவனுக்கு முதுகில் அடிபட்டது. கல்லூரி டென்னிஸ் மைதானத்தைப் பராமரிக்கும் வேலைக்காக அவன் சம்பளம் வாங்கி வந்தான். ஆனால் பந்தாட்டக் குழுவில் இருந்தால்தான் அந்த வேலை. எனவே ஆட்டமும் வேலையைச் சேர்ந்ததே, நஷ்ட ஈடு கொடு என்று கொலராடோ மாநில சுப்ரீம் கோர்ட் 1953ல் தீர்ப்பளித்தது. கல்லூரி நிர்வாகங்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. இரண்டு வருஷம் கழித்து அதே மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் ஆட்டக்களத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி நஷ்ட ஈடு கேட்டார். கீழே கிடைத்தது, 1957ல் அதே சுப்ரீம் கோர்ட் அதைப் பறித்தது. கல்லூரி பந்தாட்ட வியாபாரம் செய்யவில்லையாம், ஆகவே இறந்தவர் அதன் ஊழியர் அல்லவாம்! அந்த மைதானத்தில் புல் வெட்டுகிறவன் காலில் கத்தி பட்டிருந்தால் அவன் ஊழியன். தலை உடைந்து செத்தவர் ஊழியரல்ல.

இந்த வழக்குகள் நடந்த காலத்தில்தான் 'மாணவ வீரர்' என்ற சொல் பிறந்தது. 1951 முதல் 1987 வரை என்.சி.ஏ.ஏ.வின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸ் என்பவரே, நஷ்ட ஈட்டுச் சட்டம் தங்கள்மேல் பாயாமல் இருக்க அந்தச் சொல்லைத் தாங்கள் உண்டாக்கிப் பரப்பியதாக 1995ல் தம் புத்தகத்தில் எழுதினார். ஓய்வு பெற்றபின் உண்மை பேசுகிற அதிகாரிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். வேலையில் இருந்தபோது பேசியிருந்தால் சில குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

கலிபோர்னியாவில் வேறு விதமாக நடந்தது. 1960 அக்டோபரில் ஆட்டம் முடித்துத் திரும்பிய கல்லூரிக் குழுவின் விமானம் விழுந்து 22 பேர் மாண்டனர். அவர்களில் 16 பேர் ஆட்டக்காரர்கள். அவர்களில் ஒருவருடைய மனைவி தொடுத்த வழக்கில், உபகாரச் சம்பளம் ஆட்டத்துக்கான கூலியே என்று 1963ல் அங்குள்ள மேல்கோர்ட் ஒப்புக் கொண்டது. உடனே என்ன நடந்தது? சட்டசபை கூடிச் சட்டத்தையே திருத்தி, மாணவ ஆட்டக்காரர்களுக்கு நஷ்ட ஈடு கிடையாது என்று எழுதிக் கொண்டது. கோர்ட்டில் வென்றதைச் சட்டசபையில் இழப்பது நமக்கும் பழகிப் போனதே.

கென்ட் வால்ட்ரெப் என்ற டெக்சாஸ் மாநிலத்துப் பையன் 1974ல் ஆட்டத்தில் கழுத்து முறிந்து கைகால் செயலிழந்தார். 1993ல் நஷ்ட ஈட்டுக் கமிஷன் வாரம் 70 டாலர் வழங்கச் சொன்னது. வாரம் 70 டாலர்! அதையும் பொறுக்காமல் இன்சூரன்ஸ் கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. அவர் ஊழியரல்ல என்ற முடிவு 2000ல் உறுதியாயிற்று.

மரக்காலும் பதரும்

'இலவசப் படிப்பு கிடைக்கிறதே, கல்லூரி வாசலையே மிதிக்க முடியாத ஏழை வீட்டுப் பிள்ளை, கறுப்பின வீட்டுப் பிள்ளை, பட்டம் வாங்குகிறானே, அது சின்ன விஷயமா?' என்று நியாயமாகவே கேட்பவர்கள் உண்டு. சின்ன விஷயமல்ல. அந்தப் பட்டத்தால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் தஞ்சாவூர்ப் பண்ணையாளுக்கும் மிராசுதார் குடிசை போட இடம் விட்டார், கூழ் ஊற்றினார், தீபாவளிக்கு வேட்டி கொடுத்தார். இதெல்லாம் தர்மம் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் கூலி இத்தனை என்று எழுத்தில் ஏறியது. கொடுப்பது நெல்லா, கூழா, பட்டமா என்பது இருக்கட்டும். எவ்வளவு வேலைக்கு எவ்வளவு, யார் நிறுத்தலாம், நிறுத்தினால் யாரிடம் முறையிடுவது? கேட்க வேண்டியது இதைத்தான்.

இந்த விஷயத்தில் படிப்புக்கான உபகாரச் சம்பளம் வேறு சாதி. கணக்கில் கெட்டிக்காரன் கணக்குப் போடுவதைப் பார்க்க யாரும் டிக்கட் வாங்குவதில்லை. மார்க் குறையாமல் பார்த்துக் கொண்டால் அவன் பாடு சரி. மாலையில் அவன் டியூஷன் எடுத்துச் சம்பாதித்தாலும் கேட்பாரில்லை. ஆட்டக்காரனோ 2021க்கு முன் தன் கையெழுத்தைக்கூட விற்க முடியாது. கையெழுத்துக்குக் காசு வாங்கினார் என்று ஜார்ஜியா சர்வகலாசாலை ஆட்டக்காரர் ஒருவரை 2014ல் நான்கு ஆட்டங்களுக்கு ஒதுக்கி வைத்தார்கள். 1973க்குப் பிறகு உபகாரச் சம்பளமே வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்படுவதாயிற்று. பயிற்சியாளருக்குப் பையனைப் பிடிக்கவில்லை என்றால், முழங்கால் போய்விட்டதென்றால், அடுத்த வருஷம் மூட்டை கட்ட வேண்டியதுதான். பதிலித் தொழிலாளியின் வயிற்றெரிச்சல் அதுதான். ஆட்டத் தகுதியைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது என்று பெரிய கல்லூரிக் கூட்டணிகள் விதி செய்தது 2015ல்தான்.

பணம் எவ்வளவு என்று பாருங்கள். கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியை டெலிவிஷனில் காட்டும் உரிமை 2010ல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 2016ல் இன்னும் எட்டு ஆண்டுகளுக்கு 880 கோடி டாலர். பெரும்பாலான மாநிலங்களில் பொதுப்பணத்தில் மிக அதிகச் சம்பளம் வாங்குகிறவர் கவர்னர் அல்ல, சர்வகலாசாலையின் பந்தாட்டப் பயிற்சியாளர். ஆண்டுக்கு ஒரு கோடி டாலரைத் தாண்டியவர்களும் உண்டு. ஆடுகிறவன் தொழிலாளியல்ல, ஆட்டுவிக்கிறவன் மட்டும் தொழில் வல்லுநன்!

சரி, கூலியாகக் கொடுத்த படிப்பாவது நல்ல படிப்பா? களத்தில் கூலி வாங்கியவர்களுக்கு இரண்டு மோசடிகள் தெரியும்: மரக்காலைக் குறைப்பது, நெல்லில் பதரைக் கலப்பது. வட கரோலினா சர்வகலாசாலையில் பதர் கலந்தார்கள். 1993 முதல் 2011 வரை வகுப்பே நடக்காத பாடங்கள் அங்கே இருந்தன. ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் போதும். ஆசிரியரல்லாத காரியாலய ஊழியர் ஒருவர் அதற்கு நல்ல மார்க் போட்டுவிடுவார். 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் அதில் சேர்ந்ததாகவும், ஏறத்தாழப் பாதிப்பேர் ஆட்டக்காரர்கள் என்றும் 2014ல் வந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. என்.சி.ஏ.ஏ. 2017ல் என்ன தண்டனை கொடுத்தது? ஒன்றுமில்லை. மற்ற மாணவர்களும் அந்தப் பாடங்களில் இருந்தார்களாம், அதனால் விளையாட்டு விதி மீறப்படவில்லையாம். கையெழுத்தை விற்ற பையனுக்கு நான்கு ஆட்டம் தடை. பதினெட்டு வருஷம் பதரை அளந்தவனுக்குப் பாதகமில்லை.

யூனியன் கேட்ட ஆட்டக்காரர்கள்

நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையின் பந்தாட்டக்காரர்கள் 2014ல் யூனியன் வேண்டுமென்று மனுப் போட்டார்கள். உருக்குத் தொழிலாளர் யூனியன் துணை நின்றது. ஆட்டக் காலத்தில் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் ஆட்டத்துக்கே போகிறது, அணித் தலைவரான கெயின் கோல்டர் டாக்டருக்குப் படிக்க நினைத்தும் பயிற்சி நேரம் வகுப்பை மறித்தது என்பதெல்லாம் சாட்சியமாக வந்தன. பத்தாண்டில் பந்தாட்டத்தால் அந்தச் சர்வகலாசாலைக்கு வந்த வருமானம் 23 கோடியே 50 லட்சம் டாலர். இவர்கள் ஊழியர்களே என்று தொழிலுறவு வாரியத்தின் வட்டார அதிகாரி மார்ச் மாதம் தீர்ப்பளித்தார். ஏப்ரலில் வோட்டுப் போட்டார்கள். பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டு, 2015 ஆகஸ்டில் மேல் வாரியம் இந்த வழக்கு எங்களுக்கு வேண்டாம் என்று கைகழுவியது. அவர்கள் ஊழியரா இல்லையா என்பதையும் சொல்லவில்லை. போட்ட வோட்டுகள் எண்ணப்படாமலே அழிக்கப்பட்டன.

டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்துக் குழு இன்னும் ருசிகரமானது. அந்தக் கல்லூரி விளையாட்டுக்கு உபகாரச் சம்பளமே கொடுப்பதில்லை. அப்படியும் இவர்கள் ஊழியர்களே என்று வட்டார அதிகாரி சொல்ல, 2024 மார்ச் 5ல் பதினைந்து பேரில் பதின்மூன்று பேர் யூனியனுக்கு வோட்டளித்தார்கள். எந்த யூனியன் தெரியுமா? அதே கல்லூரியின் சிப்பந்திகள் இருக்கிற யூனியன். கல்லூரி பேச்சு வார்த்தைக்கு வர மறுத்தது. ஆட்சி மாறினால் வாரியத்தின் முகமும் மாறும், பாதகமான தீர்ப்பு வந்தால் எல்லாரையும் பாதிக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த ஆண்டின் கடைசி நாளில் யூனியன் மனுவைத் திரும்பப் பெற்றது. தோல்வி என்று சிலர் எழுதினார்கள். வேலைநிறுத்தத்தை வாபஸ் வாங்கி, அடுத்த வருஷம் வென்றவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

இதற்கிடையில் பணம் கொஞ்சம் அவிழ்ந்தது. 2021ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது ஜட்ஜுகளும் ஒருமுகமாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். 2025 ஜூனில் ஏற்கப்பட்ட சமரசப்படி, பழைய ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர். இனி ஒவ்வொரு சர்வகலாசாலையும் முதலாண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்குப் பங்கிடலாம். நல்லதுதான். ஆனால் அந்த உச்சவரம்பு ஆடுகிறவர்களின் யூனியனோடு பேரம் பேசி வந்ததல்ல. கழுத்து முறிந்தவனுக்கு நஷ்ட ஈடு என்ற கேள்விக்கு அதில் பதிலும் இல்லை. பணத்தின் பெரும்பகுதி பந்தாட்டத்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. நீச்சல்காரரும் ஓட்டக்காரரும், பெண்களில் பலரும் தங்கள் இடமே போய்விடுமோ என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நிஜமானது. அதை ஆட்டக்காரர்களுக்குள் சண்டை மூட்டப் பயன்படுத்துகிற கல்லூரிகள், பயிற்சியாளரின் கோடியைத் தொட்டுப் பேசுவதில்லை. 2025 ஜூலையில், இவர்களை ஊழியர்களாகக் கருதக் கூடாது என்கிற விதியோடு ஒரு மசோதாவும் அமெரிக்கப் பார்லிமெண்டுக்கு வந்தது. கலிபோர்னியாச் சட்டசபை செய்ததைத் தேசம் முழுவதற்கும் செய்து விடலாம் என்ற ஆசை!

நம் பிள்ளைகளும் கபடி ஆடுகிறார்கள், கைப்பந்து ஆடுகிறார்கள். நன்றாக ஆடுகிற பிள்ளைக்குக் கட்டணம் வேண்டாம், விடுதியும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக் கொள்கிறோம் என்று அழைத்துப் போகிற தனியார் கல்லூரிகள் இங்கும் உண்டு. சேர்க்க வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம், தாராளமாகச் சேருங்கள். ஆனால் சேர்க்கும் அன்றே கேளுங்கள்: முழங்கால் முறிந்தால் வைத்தியச் செலவு யாருடையது? ஆட முடியாமல் போனாலும் பட்டம் முடிகிற வரை இடம் உண்டா, அல்லது அதுவரை தங்கியதற்கும் சாப்பிட்டதற்கும் பில் வருமா? பரீட்சையும் போட்டியும் ஒரே நாளில் வந்தால் எதற்கு அனுப்புவீர்கள்? வாய் வார்த்தையாக 'பார்த்துக் கொள்ளலாம்' என்பார்கள். காகிதத்தில் எழுதி, முதல்வரின் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் போட்டு வாங்குங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் சங்கக் காரியாலயத்துக்கு எடுத்து வாருங்கள், படித்துச் சொல்கிறோம்.