ஓடும் நீரே அவர்தம் கோயில்

ஒரு மதம் எப்போது அழிகின்றது? அதன் அடியார்களை வாளுக்கு இரையாக்கும்போது என்பர் சிலர். அதன் நூல்களைத் தீயிலிடும்போது என்பர் வேறு சிலர். வாளும் தீயும் இன்றியே ஒரு மதத்தை அழித்துவிடலாம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அம்மதத்தார் இறங்கி வழிபடும் ஆற்றை வற்றச் செய்துவிட்டாற் போதும். உரிமை என்ற சொல்லை ஏட்டில் எழுதிவிட்டு, அதற்கு மேல் ஏதும் செய்யாது இருந்துவிட்டாலும் போதும்.

இவ்வுண்மையை நமக்கு உணர்த்த வல்ல ஒரு சிறு மக்கட் கூட்டம் ஈராக்கிலும் ஈரானிலும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றது. மண்டேயர் என்பது அவர்தம் பெயர். உலகெங்கும் உள்ள அவர்களை ஒருங்கே கூட்டினாலும் ஒரு லட்சம் பேர் தேறுவரோ என்பது ஐயம். ஆயினும், ஒரு மக்களின் பெருமையைத் தலைக்கணக்கால் அளக்கும் வழக்கத்தை நாம் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. ஆகவே இவ்வாரம் அவர்களைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சில கூற விரும்புகின்றோம்.

யார் இவர்கள்?

தைகிரிசு, யூப்பிரட்டீசு ஆகிய இரு பேராறுகளும் கடலை நெருங்கும் தென் ஈராக்கின் சதுப்பு நிலங்களும், அதனை அடுத்துள்ள ஈரானின் கூசித்தான் மாகாணத்துக் காரூன் ஆற்றங்கரையும் இவர்களின் தாயகம். படகு கட்டுதல், இரும்பு வேலை, வெள்ளி வேலை, பொன் வேலை என்பன இவர்களின் பரம்பரைத் தொழில்கள். இவர்தம் வேதமொழி அரமேயத்தின் ஒரு கிளை. அம்மொழியில் 'மண்டா' என்றால் அறிவு. அறிவைத் தெய்வத்தன்மை பொருந்தியதாகக் கொண்டு அதையே தம் பெயராகவும் சூடியவர்கள் இவர்கள்.

கிறித்தவ நண்பர்கள் ஸ்நானக அருளப்பர் என்றும் யோவான் ஸ்நானகன் என்றும் போற்றும் பெரியாரை இவர்கள் தம் தீர்க்கதரிசிகளுள் தலையாயவராகக் கொள்கின்றனர். அவரைக் கண்டு ஐரோப்பியப் பாதிரிமார் பதினேழாம் நூற்றாண்டில் இவர்களை 'அருளப்பரின் கிறித்தவர்' என்று அழைத்தனர். அது தவறு. இவர்கள் கிறித்தவரும் அல்லர், யூதரும் அல்லர், இசுலாமியரும் அல்லர். 'பேருயிர்' என்ற பொருள்படும் பெயரால் ஒரே இறைவனை வணங்குபவர்கள். வடதிசை நோக்கித் தொழுபவர்கள். 'கின்சா ரப்பா' எனும் இவர்தம் திருநூல் இரு பாகங்களைக் கொண்டது. இடப்பாகம் இறந்தோரின் ஆன்மா ஒளியுலகை நோக்கிச் செல்லும் பயணத்தைக் கூறுவது. அதனால் வலப்பாகத்துக்குத் தலைகீழாக அதனை எழுதி வைப்பது மரபு.

வாரந்தோறும் ஒரு பிறப்பு

இவர்களுக்கு நீராட்டே வழிபாட்டின் உயிர்நாடி. வாழ்நாளில் ஒருமுறை பெற்று முடிந்துவிடும் சடங்கு அன்று அது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாட்களிலும் மீண்டும் மீண்டும் பெறப்படுவது.

குருவும் அடியாரும் தூய வெள்ளாடை உடுத்து ஆற்றில் இறங்குவர். கரையிலே, வெண்துணி போர்த்து நறுந்தழை செருகிய மரக்கொடி நாட்டப்பட்டிருக்கும். அடியார் மும்முறை மூழ்குவார். குரு அவர் நெற்றியில் மும்முறை நீரால் அடையாளமிடுவார். உள்ளங்கையில் ஆற்றுநீரை அள்ளிப் பருகக் கொடுப்பார். மிர்த்தில் எனும் நறுமணச் செடியின் சிறு கண்ணியைத் தலையிற் சூட்டுவார். பின்னர் இருவரும் வலக்கை கோத்துக்கொள்வர். அக்கைப்பிடிக்கு அவர்கள் இட்ட பெயர் 'உண்மை' என்பதாகும். கரையேறிய பின் நெற்றியில் எள்ளெண்ணெய் பூசப்படும். திருவப்பமும் நீரும் வழங்கப்படும்.

இச்சடங்குக்கு எந்த நீரும் ஆகாது. ஓடும் நீரே வேண்டும். தேங்கிக் கிடப்பதும் ஆற்றினின்று அறுத்துப் பிரிக்கப்பட்டதும் உயிரற்ற நீர் என்பது அவர்தம் கொள்கை. ஒளியுலகிலிருந்து இறங்கி வரும் உயிர்நீரின் தொடர்ச்சியாகவே ஓடும் ஆறு ஒவ்வொன்றையும் அவர்கள் காண்கின்றனர். வாய்க்கால் நீரின் ஓட்டத்தைப் பார்த்தே வயலின் வாழ்வைக் கணிக்கும் நம் கமக்காரருக்கு இக்கொள்கையை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

இனி, அவர்தம் ஒழுக்கநெறியைப் பார்ப்போம். துறவு இங்கே புண்ணியம் அன்று. மணந்து, மக்களைப் பெற்று, உழைத்து வாழ்தலே கடமை. குருமாரும் இல்லறத்தாரே. ஈகை செய்ய வேண்டும். செய்ததைப் பிறரறியச் சொல்லிக்காட்டலாகாது. இறந்தவருக்காகத் தலைமயிரைப் பிய்த்து அலறி அழலாகாது. அக்கண்ணீர் ஆன்மாவின் வழியை மறிக்கும் என்பர். கொலை பெரும்பாவம். படைக்கலம் ஏந்தித் தம் மதத்தைப் பரப்பிய வரலாறு இவர்களுக்கு இல்லை. பிற மதத்தவரைத் தம்பால் இழுக்கும் முயற்சியும் இல்லை.

இரு நாடுகள், இரு சட்டங்கள்

யாருக்கும் தீங்கு எண்ணாத இம்மக்கள் எவ்வாறு நடத்தப்பட்டனர்?

ஈரானின் 1979 ஆம் ஆண்டு அரசியல் திட்டம், தன் 13 ஆம் பிரிவில், சிறுபான்மை மதத்தவராகச் சரதுசுத்திரரையும் யூதரையும் கிறித்தவரையும் மட்டுமே ஏற்றுக்கொள்கின்றது. மண்டேயரின் பெயர் அதில் இல்லை. குர்ஆனில் மூன்று இடங்களிற் கூறப்படும் சாபியர் தாமே என்று மண்டேயர் நெடுங்காலமாக உரிமை கோரி வந்துள்ளனர். ஆயினும், சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் தென்படவில்லை. பெயரில்லாதவனுக்கு உரிமை ஏது?

ஈராக்கோ வேறு வழி சென்றது. அங்கே 2005 ஆம் ஆண்டு அரசியல் திட்டத்தின் 2 ஆம் பிரிவு, கிறித்தவர், யசீதியர், சாபிய மண்டேயர் எனப் பெயர் சுட்டி, வழிபாட்டுச் சுதந்திரத்தை உறுதி செய்கின்றது. பாராளுமன்றத்திலும் அவர்களுக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஏட்டளவில் இதனினும் மேலான பாதுகாப்பை எவரும் கேட்கமுடியாது.

ஆனால் நடந்தது என்ன? 2003 ஆம் ஆண்டுப் போருக்கு முன் ஈராக்கில் ஏறத்தாழ 60,000 மண்டேயர் வாழ்ந்தனர் என்று கணக்கிடப்பட்டது. இன்று அங்கே எஞ்சியிருப்போர் சில ஆயிரவரே. போருக்குப் பின் எழுந்த அராஜகத்தில், பொற்கொல்லர் வீட்டிற் பொன் இருக்கும் என்று கருதி அவர்களைக் கடத்திச் சென்றனர். மதம் மாறு, அன்றேல் மடி என்று மிரட்டினர். படைக்கலம் ஏந்தாமை தன் மக்களின் மரபு என்று தெரிந்த அயலான் அவர்களை எளிய இரையாகக் கண்டான். சட்டத்தில் அவர்களின் பெயர் ஏறிய அதே ஆண்டுகளில், அவர்கள் ஊரைவிட்டு வெளியேறிக் கொண்டிருந்தனர்.

அந்நாட்டின் கல்விக்கு அவர்கள் செய்த தொண்டையேனும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா? 1911 இற் பிறந்த அப்துல் ஜப்பார் அப்துல்லா எனும் பௌதிக அறிஞர் ஒரு மண்டேயர். அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிப் பக்தாத் சர்வகலாசாலையின் தலைவராக உயர்ந்தவர். 1963 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பதவி பறிக்கப்பட்டுச் சிறையிலடைக்கப்பட்டார். ஈற்றில் அமெரிக்காவிற் குடியேறி, 1969 இல் அந்நிய மண்ணிலேயே மறைந்தார்.

ஆற்றுக்கு வந்த கேடு

மனிதர் செய்த கொடுமை இவ்வாறிருக்க, நீருக்கு நேர்ந்த கேட்டையும் பார்ப்போம். 1991 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், சதாம் உசேனின் அரசாங்கம் தென் ஈராக்கின் சதுப்பு நிலங்களை வேண்டுமென்றே வடித்தது. கிளர்ச்சிக்காரர் ஒளிய இடமிருக்கலாகாது என்பது நோக்கம். 2000 ஆம் ஆண்டளவில், பத்தில் ஒன்பது பங்கு நிலம் உப்புப் பூத்த பாலையாகிவிட்டது. 2003 இன் பின் மக்கள் அணைகளை உடைத்து நீரைத் திருப்பிக் கொணர்ந்தனர். எஞ்சியதும் மீண்டதுமான பகுதிகள் 2016 இல் உலக மரபுரிமைச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டன.

ஆனால், மேல்நாட்டில் அணைகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. 1990 இல், அத்தாத்துர்க் அணையை நிரப்புவதற்காகத் துருக்கி ஒரு மாதகாலம் யூப்பிரட்டீசின் ஓட்டத்தை மறித்தது. 2019 இல் தைகிரிசின் குறுக்கே இலிசு அணை நிரம்பத் தொடங்கியது. கீழே ஓட்டம் குறையக் குறையக் கடல் உப்பு மேலேறுகின்றது. நகரங்களின் கழிவு தேங்குகின்றது. 2018 ஆம் ஆண்டுக் கோடையிற் பசுரா நகரில், அசுத்த நீரால் நோயுற்று வைத்தியசாலைகளை நாடியோர் 100,000 பேருக்கு மேற்பட்டோர். குடித்தாலே நோய் தரும் நீரில் எவ்வாறு இறங்குவது? அள்ளிப் பருகுவதையே சடங்கின் ஓர் அங்கமாகக் கொண்டவர்கள் என்ன செய்வது?

இங்கேதான் நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து இருக்கின்றது. வழிபாட்டுச் சுதந்திரம் என்பது 'தொழுதுகொள், தடுக்கமாட்டோம்' என்று கூறிவிட்டுக் கைகட்டி நிற்பதன்று. தொழுவதற்கு இன்றியமையாத இடமும் பொருளும் பாதுகாப்பும் இருக்கவேண்டும். கோயிலை இடிப்பவனைக் குற்றவாளி என்கின்றோம். ஆற்றைக் கோயிலாகக் கொண்டவனுடைய ஆற்றை அழிப்பவனை வேறு எப்பெயரால் அழைப்பது? அணை கட்டுவோர், இத்தனை ஏக்கர் விளையும், இத்தனை விளக்கு எரியும் என்று கணக்கிடுகின்றனர். அக்கணக்கில் கீழ்க்கரையில் வாழ்பவனின் உழவும் உணவும் தொழுகையும் சேரவேண்டும். சேராவிடில் அது கணக்கன்று, களவு.

இரு இளைஞர் காட்டிய வழி

மறுகரைக்குச் சென்றோர் ஆங்காங்கே வேரூன்ற முயல்கின்றனர். சிட்னி நகருக்கு மேற்கே ஓடும் நெப்பியன் ஆற்றில் இன்று வெள்ளாடை உடுத்த மண்டேயர் மூழ்கி எழுகின்றனர். சுவீடனின் தென்பகுதியில் டால்பி எனும் ஊரில், 2018 இல் அவர்தம் வழிபாட்டு இல்லம் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. 'வேறு ஆறுகள் உள்ளனவே, பின் ஏன் இந்தக் கவலை?' என்று கேட்போர் உளர். ஆறு கிடைக்கும், உண்மை. ஆனால் குருமார் கிடைப்பார்களா? வேதமொழியை அடுத்த தலைமுறை படிக்குமா? தாயும் தந்தையும் மண்டேயராக இருந்தாலன்றிப் பிள்ளை மண்டேயன் ஆகான் என்பது அவர்தம் பழைய விதி. பல தேசங்களிற் சிதறிய சிறு கூட்டத்துக்கு அவ்விதி அரணா, விலங்கா?

இக்கேள்விக்கு விடை கூறும் உரிமை நமக்கு இல்லை. அது அவர்களுக்கே உரியது. ஆயினும், அவர்தம் வரலாற்றிலிருந்தே ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டலாம். 1831 ஆம் ஆண்டில் வாந்திபேதி பரவி, குருமார் அனைவரையும் கொண்டுசென்றது. குருவுக்கு அபிடேகம் செய்யக் குருவே வேண்டும் என்பது விதி. ஒருவர்கூட எஞ்சவில்லை. அவ்வேளையில், குருமாரின் புதல்வர்களாய், வேதமறிந்தவர்களாய் இருந்த யஹ்யா பிஹ்ராம், ராம் சிஹ்ரூன் என்ற இரு இளைஞர்கள், நூல்களையும் தம் நினைவையும் துணைகொண்டு, தாமே குருத்துவத்தை மீண்டும் நிறுவினர். விதியின் எழுத்தை அவர்கள் மீறினர் என்று கூறலாம். ஆனால் அவர்கள் மீறியிராவிடின், அவ்விதியை ஓதுவதற்கே இன்று ஒருவரும் இருந்திரார்.

ஒரு மக்களின் மதத்தை அவர்களே காக்கவேண்டும். எவ்விதியைக் காப்பது, எவ்விதியைத் தளர்த்துவது என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். ஆனால் அத்தீர்மானத்தை அஞ்சாமல், ஆறியிருந்து, தம் மண்ணிலே நின்று எடுப்பதற்கு வேண்டிய அமைதியை அளிப்பது அரசுகளின் கடன். உயிருக்கு அஞ்சி ஓடுபவன் தன் மரபைப் பற்றி எவ்வாறு நிதானமாக ஆராய்வான்?

ஒரு நாடு நாகரிகமுடையதா என்று அறிய, அதன் பெருங்கோயில்களின் உயரத்தை அளக்கவேண்டியதில்லை. அந்நாட்டின் மிகச் சிறிய மக்கட் கூட்டம் அச்சமின்றித் தன் சடங்கை ஆற்றமுடிகின்றதா என்று பார்த்தாற் போதும். தைகிரிசின் கரையில் இன்றும் ஞாயிறு விடியலில் வெள்ளாடை உடுத்த சிலர் நீரில் இறங்குகின்றனர். அவர்தம் பெயரைச் சட்டத்தில் எழுதியாயிற்று. இனி, அவர்கள் கால்வைக்கும் இடத்தில் நீர் ஓடவேண்டும்.