இறங்கும்போதுதான் கவனம் தேவை!

மாலை ஆறரை மணிக்கு நம்ம ஊர் வீவக பேட்டை எதற்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். விளையாட்டுத் திடலை ஒட்டி வரிசையாக உடற்பயிற்சிக் கருவிகள். ஒன்றில் கால்களை வீசி வீசிக் காற்றில் நடக்கும் தாத்தா. இன்னொன்றில் கைப்பேசியைப் பார்த்தபடியே இடுப்பைத் திருப்பும் அக்கா. மூன்றாவதில் தொங்கி விளையாடும் ஐந்து வயது வாண்டு.

கட்டணம் கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. ஆனால் பக்கத்தில் நின்று சொல்லித்தரப் பயிற்றுவிப்பாளரும் கிடையாது. அதனால் இந்த வாரம் அதைப் பற்றியே பேசுவோம்.

65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது உடல் சமநிலைக்கும் தசை வலிமைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். முக்கியக் காரணம், வயதான காலத்தில் தடுமாறி விழாமல் இருக்க வேண்டும் என்பதுதான். அதற்காகக் கீழே இறங்கி வரும் அப்பா, கருவியிலிருந்து இறங்கும்போதே விழுந்துவிட்டால்? இந்தக் கருவிகள் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் ஆபத்தும் அதிகம்.

எடை எங்கே இருக்கிறது?

உடற்பயிற்சிக் கூடத்தில் 5 கிலோ, 10 கிலோ என்று எடையை மாற்றிக்கொள்ளலாம். இங்கே பெரும்பாலான கருவிகளில் உங்கள் உடம்புதான் எடை. கைகளால் தள்ளும் கருவியில் அமர்ந்து தள்ளினால் இருக்கையோடு சேர்ந்து நீங்களே மேலே எழும்புவீர்கள். எடை கூடுதலானவருக்குச் சுமையும் கூடுதல். எடையைக் குறைக்க வழியில்லையா? வேறு வழி இருக்கிறது. பாதித் தூரம் மட்டும் தள்ளுங்கள், மெதுவாகத் தள்ளுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். முதல் வாரம் 8 முறை போதும். கால்களால் தள்ளும் கருவியில் முழங்காலை விறைப்பாக நீட்டிப் பூட்டிவிடாதீர்கள். மூச்சையும் அடக்காதீர்கள். தள்ளும்போது வெளியே விடுங்கள், திரும்பும்போது உள்ளே இழுங்கள்.

காற்றில் நடப்பவர்களுக்கு

எல்லாருக்கும் பிடித்த கருவி இதுதான். இரண்டு காலும் ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த வேகம் நம்முடையது மட்டுமல்ல, கருவியுடையதும்கூட. நீங்கள் நிறுத்திவிட்டதாக நினைக்கும்போதும் மிதிகட்டை ஆடிக்கொண்டிருக்கும். எனவே ஏறுவதற்கு முன் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடியுங்கள். சாதாரணமாக நடக்கும்போது எட்டு வைக்கும் தூரம்தான் வீச வேண்டும், அதற்கு மேல் விரித்தால் தொடையிடுக்கு பிடித்துக்கொள்ளும். மிதிகட்டை அசையாமல் நின்ற பிறகே ஒவ்வொரு காலாக இறங்குங்கள். கைப்பிடியை விடுவது கடைசியில்தான்.

இடுப்பைத் திருப்பும் வட்டத்தட்டிலும் இதே கதைதான். ‘சர்ர்’ரென்று சுழற்றினால் தொப்பை கரையும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கரையாது. வேகமாகத் திருகினால் கீழ்முதுகுதான் வலிக்கும். முதுகுவலி இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதில் ஏற வேண்டாம்.

வாண்டுகள் கவனம்

புதிய பேட்டைகளில் விளையாட்டுத் திடல், பெரியவர்களுக்கான கருவிகள், மூத்தோருக்கான கருவிகள் மூன்றும் ஒரே இடத்தில் அமைந்திருப்பதைப் பார்க்கிறோம். மூன்று தலைமுறையும் ஒன்றாகப் பொழுதைக் கழிக்க நல்ல ஏற்பாடு. ஆனால் தாத்தா கால் வீசும் பாதையில் பேரன் ஓடி வந்தால், இரும்பு மிதிகட்டை அவன் தலை உயரத்தில் இருக்கும். இவை பெரியவர்களின் உயரத்துக்குச் செய்யப்பட்டவை. அருகில் இருக்கும் பலகையில் எந்த வயதினருக்கு என்று எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள். கருவியின் இணைப்புகளுக்கு இடையே சின்ன விரல்கள் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும்

நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பது தெரிந்ததுதான். இன்சுலின் ஊசியோ, சர்க்கரையைக் குறைக்கும் சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் சிலிப்பரோடு ஏறவே கூடாது. மூடிய காலணி கட்டாயம். இரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்கள் தலையைத் தாழ்த்திப் படுக்கும் சாய்பலகையைத் தவிர்ப்பது நல்லது.

நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். குறையவில்லை என்றால் 995. இதயத் துடிப்பை மீட்கும் ஏஇடி கருவி பல வீவக புளோக்குகளின் கீழ்த்தள மின்தூக்கி அருகே பொருத்தப்பட்டிருக்கிறது. உங்களுக்கு மிக அருகில் எந்த புளோக்கில் இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

மழை, வெயில், பழுது

மழை விட்டதும் கைப்பிடியும் மிதிகட்டையும் வழுக்கும், துடைத்துவிட்டு ஏறுங்கள். இடி முழங்கினால் உடனே புளோக்குக்குள் போய்விடுங்கள். நண்பகல் வெயிலில் இரும்பு சுடும். துப்பட்டா, சேலை முந்தானை, கழுத்தில் தொங்கும் அட்டை எல்லாவற்றையும் செருகிக்கொள்ளுங்கள். கருவி ஆட்டம் கண்டாலோ கிரீச்சிட்டாலோ ஏறாதீர்கள். ஒரு படம் எடுத்து ‘ஒன்சர்வீஸ்’ செயலியில் அனுப்புங்கள் அல்லது நகர மன்றத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். அடுத்து ஏறப்போவது யாருடைய பாட்டியோ!

“இதெல்லாம் சொன்னா எங்க வீட்டுல யாரு கேட்பாங்க?” என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. இருபது வருடமாகக் கருவியில் ஏறும் அப்பாவிடம் போய்ப் பாடம் எடுத்தால், “எனக்குத் தெரியாதா?” என்றுதான் பதில் வரும். அதனால் மாற்றிக் கேளுங்கள். இந்த வாரக் கடைசியில் கூடவே இறங்கிப் போய், “எனக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கப்பா” என்று சொல்லுங்கள். அவர் உற்சாகமாக ஏறிக் காட்டுவார். நீங்கள் அவருடைய காலணியையும், கை எங்கே பிடிக்கிறது என்பதையும், முக்கியமாக எப்படி இறங்குகிறார் என்பதையும் கவனியுங்கள். திருத்த வேண்டியது என்ன என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் இருவருமாகச் சேர்ந்தே பழகுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்!