டெர்... டீ... டாஸ்!

என் சித்தி பையன் ஆபீஸ் வேலைக்கு நடுவே எம்.ஏ. ஜெர்மன் படிக்கிறான். விநோதமான பாஷை சார்! ஸ்பூன் ஆண்பால், முள்கரண்டி பெண்பால், சிறுமி அஃறிணை!

காஃப்காவைக் கரைத்துக் குடித்த தைரியத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேருக்கு டியூஷன் ஆரம்பித்தான். ஒரு மணி நேர லெக்சர். முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, "சார், ஜெர்மன்ல காபி எப்படிக் கேக்கறது?" என்றான். அடுத்த வாரம் வந்தது ஆறு பேர்.

அப்புறம்தான் கதே இன்ஸ்டிட்யூட்டின் 'டி.எல்.எல்.' ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தான். அதில், சொந்த வகுப்பிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். இவன் எடுத்த கேள்வி: 'மாணவர்கள் ஏன் வாயே திறப்பதில்லை?' கிடைத்த விடை: 'நான் மூடுவதில்லை!'

இப்போது அவர்கள் பேசுகிறார்கள். போன நாலு பேரும் திரும்பிவிட்டார்கள்.

"ரெண்டையும் சேர்த்துப் படிக்கிறது கஷ்டமில்லையாடா?" என்றேன்.

"உங்க டபுள் என்ட்ரி மாதிரிதாண்ணா. கத்துக்கிட்டது ஒரு பக்கம், கத்துக்கொடுத்தது எதிர்ப்பக்கம். ரெண்டும் இருந்தாத்தான் டேலி ஆகும்."

சித்திக்குத்தான் இன்னும் டேலி ஆகவில்லை. "பொண்ணை அஃறிணைங்கற பாஷையைப் படிச்சவனுக்கு யாருடா பொண்ணு கொடுப்பா?"