பெயரில்லாத மாத்திரை

சென்ற வாரம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூட மணி அடித்துக் குழந்தைகள் எல்லோரும் கலைந்த பிறகு, என் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தியின் தாயார் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் தையல் வேலை செய்கிறவள். இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. முந்தானையில் முடிந்து வைத்திருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து என் மேஜைமீது வைத்தாள். உள்ளே வெள்ளை மாத்திரைகள் இரண்டு இருந்தன.

"ஏனுங்க டீச்சர், இது என்ன மாத்திரைன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

முதுகு வலிக்கிறதென்று வேலையிடத்தில் சொன்னாளாம். மேற்பார்வை பார்க்கும் அம்மாள் எடுத்துக் கொடுத்தாளாம். புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். சர்வகலாசாலைப் பட்டம் அங்கே என்ன செய்யும்? பெயரும் இல்லை, அட்டையும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. பெயரைச் சொல்லாமல் வீட்டு வாசற்படி ஏறுகிறவனை நாம் உள்ளே விடுவதில்லை. மாத்திரைக்கு மட்டும் வாயைத் திறந்து வழி விடுகிறோம்!

"இருக்கட்டும் அம்மா, சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிவப்பு மாத்திரை கொடுத்திருப்பார்களே, அதைச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க டீச்சர். குழந்தை கறுத்துப் போயிரும்னு அத்தை சொன்னாங்க. டப்பாவிலேயே கிடக்குதுங்க."

பயப்பட வேண்டியதை விழுங்குவதற்குத் தைரியம். விழுங்க வேண்டியதைக் கண்டு பயம். இந்தத் தலைகீழ் நியாயம் அந்த ஒருத்திக்கு மாத்திரம் உரியதன்று. படித்த வீடுகளிலும் இது உண்டு.

2019-ஆம் வருஷத்தில் தாம்ஸன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் என்னும் செய்தி ஸ்தாபனம், தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் உழைக்கும் சுமார் 100 பெண்களை விசாரித்து ஒரு கட்டுரை வெளியிட்டது. மாதவிலக்கு வலிக்கென்று பெயரோ தேதியோ இல்லாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே தங்களுக்குக் கொடுக்கப்பட்டதாக அவர்கள் கூறினார்கள். வைத்தியர்கள் பார்த்ததில், அவை இபுப்ரோஃபென் போன்ற வலி மருந்துகள் என்று தெரிந்தது. வலிக்கு மாத்திரை கொடுப்பது சுலபம்; அரை மணி நேரம் உட்கார இடம் கொடுப்பதுதான் கஷ்டம் போலும்!

அந்த வகை மருந்து மற்றவர்களுக்கு எப்போதாவது ஒரு வேளை கேடு செய்யாமல் போகலாம். கர்ப்பிணியின் விஷயம் வேறு. தாய் விழுங்கும் மருந்துகளில் பெரும்பாலானவை தொப்புள்கொடி வழியே குழந்தையைச் சென்றடைகின்றன. சுமார் 20 வாரங்களுக்குப் பிறகு இபுப்ரோஃபென் போன்றவை குழந்தையின் சிறுநீரகத்தைத் தாக்கலாம். அதனால் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட நீர் வற்றலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2020-ல் எச்சரித்தது. கடைசி மூன்று மாதங்களிலோ, பிறந்த பின்பு மூட வேண்டிய ஓர் இரத்தக் குழாய் குழந்தையின் இருதயத்தருகே முன்னதாகவே மூடிக்கொள்ளக் கூடும். என்னிடம் வந்தவளுக்கு ஐந்து மாதம் என்பதை நினைத்தபோது எனக்குத் திக்கென்றது.

மருந்துக் கடைக்காரர் காய்ச்சலுக்கும் சளிக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் "செட்" மாத்திரைக்கும் இதே நியாயந்தான். பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. வெகு சாது மருந்து என்றார்கள்; மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். 1961-ல் அதை அங்கே கடைகளிலிருந்து எடுத்தார்கள். ஆனால் அந்த மருந்தால் உலகெங்கும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபட்டுப் பிறந்துவிட்டன. அமெரிக்காவில் பிரான்ஸெஸ் கெல்ஸி என்ற டாக்டர் அம்மாள், "இன்னும் அத்தாட்சி வேண்டும்" என்று பிடிவாதமாக அனுமதி மறுத்தபடியால், அந்நாடு பெரும்பாலும் தப்பியது. கேள்வி கேட்பது எவ்வளவு பெரிய தர்மம், பாருங்கள்!

இதைப் படித்துவிட்டு எல்லா மருந்தையும் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். அது இன்னொரு அபாயம். வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவள் கர்ப்பமென்று தெரிந்ததும் தானாக நிறுத்தினால், வலிப்பு வந்து தாயும் சேயும் ஆபத்துக்குள்ளாகலாம். வலிப்பு மருந்துகளிலே வால்ப்ரோயேட் போன்றவை குழந்தைக்குத் தீங்கானவை என்பதும் உண்மையே. ஆதலால் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்றிக் கொள்ள வேண்டும். தைராய்டு மாத்திரையை நிறுத்தலாகாது. பலருக்கு அளவைக் கூட்டவும் நேரும். ஆஸ்துமாவுக்கும் சர்க்கரை வியாதிக்கும் அப்படியே. கடும் காய்ச்சலைச் சும்மா பொறுத்துக்கொண்டிருப்பதும் நல்லதன்று; டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் சாப்பிடலாம்.

இனி அந்தச் சிவப்பு மாத்திரைக்கு வருவோம். அதன் கதை நம் நாட்டு ஆலைப் பெண்களின் கதையாகும். 1928-ல் லூஸி வில்ஸ் என்ற ஆங்கில டாக்டர் அம்மாள் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் உழைத்த கர்ப்பிணிகள் கடுமையான சோகை நோயால் மடிவதைக் கண்டு காரணம் தேடினார். நமக்கு அடுத்த மலையிலுள்ள குன்னூர்ப் பாஸ்டர் ஆராய்ச்சிசாலையிலும் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை செய்தார். ஈஸ்ட் சாரம் கொடுத்ததில் நோய் தீருவதை 1931-ல் வெளியிட்டார். அதில் அடங்கிய சத்தே போலிக் அமிலம் என்று பின்னால் விளங்கிற்று. ஆகவே, அன்று பம்பாயில் தறியருகே நின்ற பெண்களால் உலகத்துத் தாய்மார்களுக்குக் கிடைத்த வரத்தை, இன்று திருப்பூரில் நாம் டப்பாவில் பூட்டி வைத்திருக்கிறோம்!

அம்மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உண்டு. நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாளும், பிரசவத்துக்குப் பின் இன்னும் 180 நாளும் சாப்பிட வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்குப் போலிக் அமிலம் தனியே தருவார்கள். மலம் கறுக்கும், குழந்தை கறுக்காது. டீ, காப்பியோடும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிட்டால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. எலுமிச்சம்பழ ரசத்தோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும்.

சகோதரிகள் நினைவில் வைக்க வேண்டியவை மூன்றே. மருந்து கொடுப்பவர் யாராயினும், "நான் கர்ப்பமாயிருக்கிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். நாள் தள்ளியிருந்தாலும் சொல்லுங்கள். ஏனெனில், குழந்தையின் அவயவங்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களிலேயே உருவாகி விடுகின்றன. அட்டையில் பெயரும் தேதியும் பார்க்காமல் எதையும் விழுங்காதீர்கள். லேகியமும் சூரணமும் இதற்கு விலக்கல்ல, சிலவற்றில் ஈயமும் பாதரஸமும் இருப்பதுண்டு. கொடுத்த மருந்தைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம். சந்தேகமென்றால் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையமும் இ.எஸ்.ஐ. மருந்தகமும் இருக்கின்றன, 104 என்னும் எண்ணில் டெலிபோனிலும் கேட்கலாம்.

மறுநாள் அந்த அம்மாளும் நானும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். பெயரில்லாத மாத்திரைகளைச் செவிலியர் வாங்கி வைத்துக் கொண்டார். முதுகு வலிக்கு அவர் சொன்ன முதல் மருந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து சற்று நடப்பது. அதைக் கம்பெனியில் அனுமதிப்பார்களா என்று அவள் கேட்டாள். செவிலியர் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். 1932-ல் குமரன் அடிபட்டும் கொடியை விடாத ஊர் இது. ஒரு தாய் இந்தச் சீட்டை விடாமல் பிடித்து நின்றால், அதை மறுக்கும் துணிவு எந்த முதலாளிக்கும் வரலாகாது.