புத்தகமே இல்லாத புத்தக விழா

பந்தல் போட்டாச்சு, மேளம் வந்தாச்சு, மாப்பிள்ளையை மட்டும் காணோம்! கொரோனா காலத்தில் பல பள்ளிகள் கொண்டாடிய புத்தக தினம் இப்படித்தான் இருந்தது.

ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம். யுனெஸ்கோ 1995-இல் அறிவித்த நாள். 2020, 2021 இரண்டு வருடமும் அந்த நாளில் தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்குப் பள்ளி இல்லை. சரி, வாசிப்பை வளர்க்க என்ன செய்தார்கள்? வாட்ஸ்அப்பில் வாசகப் போட்டி, ஆன்லைனில் வினாடி வினா, கதாபாத்திரம் மாதிரி வேஷம் போட்டு ஒரு போட்டோ. கலந்துகொண்ட எல்லோருக்கும் மின்-சான்றிதழ்! புத்தகம்? அது பள்ளி பீரோவில் பூட்டோடு பத்திரமாக இருந்தது.

பவானிக்கு எதிர்க்கரையில் இருக்கும் குமாரபாளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விசைத்தறி ஊர். முதல் ஊரடங்கில் தறி நின்றது, கூலியும் நின்றது. ரீசார்ஜுக்கு எங்கே போவது? பிறகு தறி ஓடியது, வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு பட்டறைக்குப் போனது. போன் கிடைத்தாலும் பக்கத்துத் தறிச் சத்தத்தில் டீச்சர் குரல் காதில் விழுமா?

புத்தகத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. சிக்னல் வேண்டாம், சார்ஜ் வேண்டாம். தறிச் சத்தத்திலும் படிக்கலாம். அண்ணன் படித்துவிட்டுத் தங்கச்சிக்குக் கொடுக்கலாம்.

'வீட்டுக்கு எப்படிக் கொடுப்பது? தொற்று பரவாதா?' என்று கேட்பார்கள். அதே 2020-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் கொடுத்தார்களே! சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்களே! அது நல்ல காரியம், பாராட்ட வேண்டியது. அந்த அரிசிப் பையோடு ஒரு கதைப் புத்தகத்தையும் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அடுத்த முறை வரும்போது அதை வாங்கிக்கொண்டு வேறொன்று. திரும்பி வந்ததைச் சில நாள் ஒதுக்கி வைத்தால் போதும்.

உண்மையான பயம் தொற்று இல்லை. 'கிழித்துவிடுவார்கள், தொலைத்துவிடுவார்கள், கணக்குக்கு யார் பதில் சொல்வது?' இதுதான் பயம். பீரோவில் கரையான் தின்றால் மட்டும் கணக்கு சரியாகிவிடுமா?

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. நூல் இருப்பது பயன்படுத்தத்தான் என்பதே முதல் விதி. அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். மாட்டு வண்டி செய்ததைக்கூட ஸ்மார்ட்போன் காலத்தில் செய்ய முடியவில்லை என்றால் நம்பலாமா?

விளைவு என்ன? தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 10.2 சதவீதம், 2022-இல் 4.8 சதவீதம் என்கிறது 'அசர்' ஆய்வு. கதைப் புத்தகம் கொடுக்காதது மட்டுமே இதற்குக் காரணம் இல்லைதான். ஆனால் பள்ளியே இல்லாத காலத்தில், எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய வயதில் இருந்த பிள்ளையின் கையில் பாடநூலைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது சின்ன விஷயமா?

வீடு தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யாக வந்தது. அதற்குள் ஒன்றரை வருடம் போய்விட்டது.

மழையோ நோயோ, பள்ளி இன்னொரு முறை மூடத்தான் செய்யும். அப்போது சான்றிதழ் அச்சடிப்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த பீரோவைத் திறங்கள்!